பீரோ மூலைக்குக் காற்று

மேஜை விசிறி மறுபடியும் அந்த மூலையைப் பார்த்து நின்றுவிட்டது.

கமருன்னிஸா ஈரக்கையோடு அறை வாசலில் நின்றாள். இறக்கைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. தலை மட்டும் இடமும் வலமும் திரும்புவதை விட்டுவிட்டு, பீரோவுக்குப் பக்கத்தில் யாருமில்லாத மூலைக்கே காற்றை வீசிக்கொண்டிருந்தது. பாயில் கிடந்த கைக்குழந்தை லத்தீஃபா வேர்க்குரு தாங்காமல் சிணுங்கியது. கணவன் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில், அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயல்களின் ஓரத்தில், தனியாக எழும்பிய புது வீடு அது. விசிறி மட்டும் நீடாமங்கலம் கடைத்தெருவில் வாங்கிய, பேர் தெரியாத மலிவுச் சரக்கு. கோளாறு அதில்தான் என்று அவள் நம்பினாள்.

வெயில் சாயும் நேரத்தில் மெக்கானிக் வீரையன் சைக்கிளில் வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர். அவர் அப்பா காலம் வரைக்கும் பண்ணையில் கூலி வேலை. இவர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டப் பழகிக் கடை போட்டிருந்தார்.

"தலையைத் திருப்புற பல்சக்கரம் தேஞ்சிருக்கும் தங்கச்சி. இந்த மாதிரி விசிறிக்கெல்லாம் பிளாஸ்டிக்லதான் போடுறாங்க."

பின்மூடியைக் கழற்றி, இறுகிப்போன கிரீஸை வழித்தெடுத்து, புதுச் சக்கரம் மாட்டினார். விசிறி இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது. மூலையைப் பார்த்ததும் நின்றது.

"தரை வாட்டமா இருக்கோ என்னமோ," என்று எதிர்ச் சுவரோரம் தூக்கி வைத்தார். இப்போது மூலை விசிறிக்கு மறுபக்கம். அது மெல்லத் திரும்பியது. அதே மூலையைத் தேடிப்பிடித்து நின்றது.

கருகிய வைக்கோல் வாடை வந்தது. கமருன்னிஸா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வயலில் புகை இல்லை. வீரையன் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை.

"இந்த மனை யார்கிட்ட வாங்குனீங்க?"

"மிராசுதார் மகன்கிட்ட. ஏண்ணே?"

அவர் மூலையைப் பார்க்காமல் பேசினார். "எங்க பெரியம்மா குடிசை இங்கதான் இருந்துச்சு. வேம்புன்னு பேரு. கூலி நெல்லு கூடக் கேட்டு அறுப்புக்குப் போகாம நின்ன வருஷம், மிராசுதார் ஆளுங்க கதவை வெளிய கட்டிட்டுக் கொளுத்திட்டாங்க. நான் சின்னப் பய, வாய்க்கா கரையில நின்னேன். காத்து, காத்துன்னு அது கத்துனது கேட்டுச்சு."



மாட்டிய சக்கரத்தையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, விசிறியைக் குழந்தைப் பக்கம் திருப்பி வைத்தார். "இனிமே இது தானாத் திரும்பாது. இருந்தாலும் இருட்டுறதுக்குள்ள புள்ளையைத் தூக்கிக்கிட்டு மாமியா வீட்டுக்குப் போயிடுங்க." ஆற்றி வைத்த டீயைத் தொடாமலே போனார். சைக்கிள் சத்தம் வாய்க்கால் மதகைத் தாண்டி அடங்கியது.

குழந்தை அன்று முதல்முறையாகக் காற்றில் கண்ணயர்ந்தது. மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். துணி பீரோவில் இருந்தது. அவள் மூலையைப் பார்க்காமல், சுவரை உரசிக்கொண்டு போய், கைப்பிடியைத் தொட்டாள்.

சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் போலச் சுட்டது.

கையை உதறித் திரும்பினாள். விசிறி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். அதற்குள் விசிறியின் தலை அசைந்தது. சக்கரம் இல்லாத தலை. மூலையை விட்டு நகர்ந்தது. பீரோவைக் கடந்தது. மெதுவாக. யாரோ நடந்து வருகிறார்கள், அவர்கள் மேலிருந்து காற்று விலகிவிடக் கூடாது என்பது போல. வாசல் பக்கம் வந்தது. அவளுக்கும் வாசலுக்கும் நடுவே கொஞ்சம் தயங்கியது. இன்னும் திரும்பியது.

கமருன்னிஸா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

விசிறி அவளுக்கு நேராக வந்து நின்றது. முழு வேகம். அவளுக்கு இடப்புறம் காலண்டர் தாள்கள் படபடத்தன. வலப்புறம் ஜன்னல் திரை எழும்பி எழும்பி விழுந்தது.

நடுவில் நின்ற அவள் முகத்தில் ஒரு முடிகூட அசையவில்லை. அனல் மட்டும் அடித்தது. மிகப் பக்கத்திலிருந்து.