ஈரம் படக்கூடாத திரை

காலையில் இறுக்கிச் சுருட்டிக் கட்டிய திரை, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நடுவில் புடைத்திருந்தது.

ஜெயம்மாள் கிட்டே போய்ப் பார்த்தாள். அவள் புருஷன் முனிரத்தினத்தின் ஆம்பூர் போட்டோ ஸ்டூடியோவுக்குச் சோறு போடுவதே அரண்மனைப் படிக்கட்டு வரைந்த அந்த ஒரே துணிதான். மடிக்கக்கூடாது, ஈரக்கையால் தொடக்கூடாது, மழைக்காலத்தில் கம்பளி சுற்றி வைக்க வேண்டும். காய்ச்சலில் நடுங்கிய மகன் காசிக்குக்கூட அந்த மனுஷன் அந்தக் கம்பளியை அவிழ்த்துத் தரவில்லை.

போன மாசம் அந்தக் காய்ச்சலிலேயே காசி செத்துப்போனான். குளிப்பாட்டி, திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்துக் கடைசிப் படம் எடுத்தபோது, ஈரத்தலை பின்னால் சாய்ந்து துணியில் பட்டது. முனிரத்தினம் பிள்ளையின் தலையை நிமிர்த்தவில்லை. திரையைத்தான் துடைத்தான். சாகிறவரை அதை அவள் மன்னிக்கப் போவதில்லை.

"இன்னாங்க, உள்ள ஏதோ இருக்குதுங்க."

"வஜ்ரப் பசை பூசின துணி ஈரத்துல உப்பும். பேஜார் பண்ணாம போ."

அவிழ்த்துக் காட்டினான். ஒன்றுமில்லை. திரும்பவும் சுருட்டி, கம்பளி சுற்றிக் கயிற்றால் கட்டி, மூங்கிலோடு சுவர்க் கொக்கிகளில் மாட்டிவிட்டு இருட்டறைக்குள் போனான். அதன் கீழே தரையில் மகள் சுந்தரி துணிப் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஜெயம்மாள் பின்கட்டில் அரிசி களைந்தாள். கண்ணாடிக் கூரையில் மழை ஓயாமல் கொட்டியது. தோல் சீவலைக் காய்ச்சிய வஜ்ரத்தின் வாடை நனைந்த காற்றில் கனத்துக் கிடந்தது. அதற்குள்ளிருந்து மெல்ல மெல்ல இன்னொரு வாசம் கிளம்பி அவளைத் தேடி வந்தது. சீயக்காய். குளிப்பாட்டிய தலையின் வாசம்.

அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

பொம்மை மட்டும் கிடந்தது. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

"சுந்தரி."

நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

திரையைத் தொட்டாள். புடைப்பு சில்லென்றிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. சின்னது. சூடாக இருந்தது. அசைந்தது.

"இப்ப குளிரலம்மா."

சுந்தரியின் குரல் இல்லை அது.

கயிற்றைப் பிய்த்தாள். ஈரவிரலில் முடிச்சு வழுக்கியது. இறுகியது. பல்லால் கடித்தாள். அலறினாள்.

முனிரத்தினம் ஓடி வந்தான். அவள் கையைத்தான் முதலில் பார்த்தான்.

"ஈரக்கையால தொடாதன்னு எத்தன தடவ சொல்றது?"

"பிள்ள உள்ள இருக்குதுங்க..."

அவளைத் தள்ளிவிட்டு, தோள் துண்டை எடுத்துக் கம்பளியைத் துடைக்க ஆரம்பித்தான். பதமாக. அழுத்தாமல்.

துண்டுக்குக் கீழே சின்னப் புடைப்பு உதைத்தது. இன்னொரு முறை உதைத்தது.

அப்புறம் உதைக்கவில்லை. அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.