ஐநூற்றுப் பதிமூன்றாவது கோடு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இயந்திரக் கூடத்துக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். உள்ளே ஜன்னல் கிடையாது. ஆள் உயர அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றுக்குள் ஆயிரக்கணக்கான சின்ன விசிறிகள் ஓயாமல் இரையும். தரை முழுக்கப் பலகைகள். அவற்றுக்கு அடியில் குளிர்காற்று ஓடும் வெற்றிடம். நடந்தால் காலுக்குக் கீழே டொம் டொம் என்று கேட்கும்.

அடுத்தவர் எழுதிய நிரல் சூப்பர் கம்ப்யூட்டரில் எங்கே சுணங்குகிறது என்று கண்டுபிடித்து, அதை வேகமாக ஓட வைப்பது என் தொழில். விமானம் செய்பவர்கள், மருந்து செய்பவர்கள் எல்லோரும் என்னிடம் வருவார்கள். எங்கள் மையத்தின் வெள்ள முன்னறிவிப்பு நிரலை மட்டும் நான் தொட்டதே இல்லை. அது என் கணவர் எழுதியது. "வீட்டையும் வேலையையும் கலக்க வேணாம்மா," என்பார். நானும் அதைப் பெருந்தன்மை என்று நம்பியிருந்தேன்.

அன்று அவர் வெளியூர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இயக்குநர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருது. அந்த நிரலைப் புது மெஷினுக்கு மாத்துறதுக்கு முன்னாடி, பழசுல எங்க இழுக்குதுன்னு பாத்துச் சொல்லும்மா," என்றார்.

அந்த நிரல் ஆற்றுப் படுகையை ஐநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு வேலையாள் என்று கணக்கைப் பிரித்துக் கொடுக்கும். வேலையாள் என்றால் மனிதர் இல்லை, நிரலின் ஒரு கிளை. ஒரு கட்டம் முடிந்ததும் எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும். குடும்பமாகப் படம் எடுக்கும்போது, சட்டை மாற்றப் போன ஒரு சித்தப்பாவுக்காக அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போமே, அதே கதைதான். கடைசி ஆள் வரும்வரை யாரும் நகர முடியாது.

ஓடவிட்டேன். பாதி வழியில் விசிறிகளின் இரைச்சல் தணிந்தது. வேலை இல்லையென்றால் சூடு இல்லை, சூடு இல்லையென்றால் விசிறிக்கு வேகம் இல்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அந்த அமைதியில்தான் அது கேட்டது.

பலகைகளுக்கு அடியில் தண்ணீர் அலம்பும் சத்தம்.

பிறகு ஆற்றுச் சேற்றின் வாடை, மூக்கை அடைக்கும்படி.

வெளியே ஓடிப்போய்க் கூடத்தின் மேற்பார்வையாளரைக் கூட்டி வந்தேன். அவர் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். அடியில் தூசி உலர்ந்து கிடந்தது. "இந்தப் பக்கம் தண்ணிக் குழாயே கிடையாது மேடம்," என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஆனா இந்த நிரல் ஓடுறப்போ மட்டும் நான் உள்ள வர்றதில்ல," என்றார். மேலே கேட்பதற்குள் போய்விட்டார்.

விசிறிகள் மறுபடி உறுமின. எந்த வேலையாள் எப்போது என்ன செய்தான் என்று காட்டும் படத்தைத் திறந்தேன். ஆளுக்கு ஒரு கோடு. வேலை செய்த நேரம் பச்சை, காத்திருந்த நேரம் சிவப்பு. முந்நூற்றுப் பதினேழாம் ஆள் வரவில்லை என்று மற்ற அத்தனை பேரும் சிவப்பாக நின்றிருந்தார்கள், பதினோரு நிமிடம்.

எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு கோடு. ஐநூற்றுப் பதிமூன்றாவது. அப்படி ஒரு வேலையாள் கிடையாது. அதில் பொட்டுப் பச்சைகூட இல்லை. தொடக்கம் முதல் காத்திருப்புதான். கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிட்டு, முந்நூற்றுப் பதினேழு ஏன் தாமதிக்கிறது என்று நிரலுக்குள் தேடினேன்.

அகப்பட்டது ஒரே ஒரு வரி. இந்த ஆள் மட்டும் அறுநூற்று அறுபது நொடி தூங்க வேண்டும் என்ற கட்டளை. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: "அடுத்த ஆய்வுக்கு முன் எடுக்கவும்.."

கடைசியில் இரண்டு புள்ளிகள். எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் சீட்டுகளிலும் அப்படித்தான் இருக்கும். "பால் வாங்கவும்.." "சாவி பக்கத்து வீட்டில்.." உலகத்தில் ஒரு வாக்கியத்தை இரண்டு புள்ளி வைத்து முடிக்கிற ஒரே மனிதருக்குத்தான் நான் கழுத்தை நீட்டியிருந்தேன்.

பதினோரு நிமிடம். அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வெள்ளத்தன்று, என் தங்கை போன் செய்தாள். அம்மா போன பிறகு நான் தலைவாரி, சோறூட்டி வளர்த்தவள். "அக்கா, ஆபீஸ் பேஸ்மென்ட்ல வண்டிகிட்ட நிக்கிறேன். ஆறு ஏறுதுங்கிறாங்க. கிளம்பவா?"

"தண்ணி எந்தப் பக்கம் வரும்னு தெரியாம ரோட்டுல இறங்காத. நாலு மணிக்கு முன்னறிவிப்பு வந்துடும். அங்கேயே இரு. நான் சொல்றப்போ கிளம்பு."

"சரிக்கா."

கரை உடைந்தது நாலு ஐந்துக்கு. முன்னறிவிப்பு வந்தது நாலு பதினொன்றுக்கு. நேரத்துக்கு வந்திருந்தால் ஐந்து நிமிடம் கிடைத்திருக்கும். மாடிப்படி ஏற அது போதும். "கிளம்பு" என்று நான் அனுப்பிய செய்தி இன்றுவரை போய்ச் சேரவில்லை. "மெஷின் மெதுவா இருந்தா யாரு என்ன செய்ய முடியும்?" என்று என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தேற்றியவர் அவர்தான். அந்தத் தோளில் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! நினைக்கவே உடம்பு கூசியது.

அந்த வரியை அழித்தேன். மறுபடி ஓடவிட்டேன்.

அதே இடத்தில் நின்றது.

வரி இல்லை. ஆனாலும் எல்லாக் கோடுகளும் சிவப்பு. பலகைகளுக்கு அடியில் தண்ணீர் மெல்ல அலம்பியது. என் காலுக்கு நேர் கீழே, யாரோ விரல் நுனியால் பலகையைத் தட்டினார்கள். சின்ன வயதில் குளியலறைக் கதவைத் தட்டுவாளே, அதேபோல் மூன்று தட்டு.

மண்டியிட்டேன். உதட்டைப் பலகையில் வைத்துச் சொன்னேன்.

"கிளம்புடி."

கூடம் முழுக்க விசிறிகள் உறுமின.

மறுநாள் காலை ஊர் திரும்பியவர் முன் அந்த வரியின் நகலை வைத்தேன். காபியை ஆற்றிக்கொண்டே படித்தார், ஆற்றுவது நின்றது.

"எல்லாரும் செய்றதுதான். ஆய்வுக் குழு வந்தா என்ன முன்னேற்றம்னு கேப்பாங்க. அப்ப எடுத்துட்டு, வேகமாக்கிட்டேன்னு காட்டக் கைவசம் ஒண்ணு வேணும்ல? வெறும் பதினோரு நிமிஷம்னுதான் நெனச்சேன்."

"அவ செத்த பிறகும் ஏன் எடுக்கல?"

"எடுத்தா, எப்படித் திடீர்னு வேகமாச்சுன்னு தோண்டுவாங்களே."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இவர் கிள்ளியது என் பிள்ளையை. கூடத்தில் நடந்ததையும், நான் சொன்ன ஒரு வார்த்தையையும் சொன்னேன். "உனக்கு ரெஸ்ட் வேணும்," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "திங்கட்கிழமை நானே இயக்குநர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன். சத்தியமா."

நம்பினேன். பட்டும் புத்தி வராத ஜென்மம் நான்.

திங்கட்கிழமை காலை, அறிவிப்புப் பலகையில் ஆய்வு நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தது. முதல் உரை அவருடையது. தலைப்பு: வெள்ள முன்னறிவிப்பில் பதினோரு நிமிடச் சேமிப்பு. ஒத்திகை பார்க்க அவர் கூடத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

என் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று வற்றிப் போயிருந்தது. சற்று நேரத்தில் போன் அடித்தது.

"ஏய், இது பாதியில நிக்குது. அந்த வரிய எடுத்துட்டியா இல்லயா?"

"எடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன்..." மூச்சு வாங்கியது. "இங்க தண்ணி வருது. பலகை இடுக்குல இருந்து. முழங்கால் வரைக்கும் வந்துருச்சு. கதவு அட்டைய எடுக்க மாட்டேங்குது. யாரோ காலைப் புடிக்கிற மாதிரி... நீ அன்னைக்கு ஏதோ சொன்னேன்னியே, அந்த வார்த்தைய சொல்லும்மா. கிளம்புன்னு நான் கத்திப் பாத்துட்டேன். என் பேச்சக் கேக்கல."

அவருக்குப் பின்னால், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, இன்னொரு குரல் மெதுவாகக் கேட்டது.

"சரிக்கா."

நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அங்கேயே இருங்க," என்றேன். "நான் சொல்றப்போ கிளம்புங்க."

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடம் கழித்து எழுந்து போனேன்.

வாசலில் அவருடைய செருப்பு இருந்தது. அட்டையை முதல் முறை காட்டியதுமே கதவு திறந்தது. தரை காய்ந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. திரையில் ஓட்டம் முடிந்து படம் விரிந்திருந்தது. ஐநூற்றுப் பதிமூன்றாவது கோடு பதினோராம் நிமிடத்தில் பச்சையாகி, அங்கேயே முடிந்திருந்தது.

அதற்குக் கீழே புதிதாக ஒரு கோடு. ஓட்டம் முடிந்த பிறகும், அது மட்டும் சிவப்பாக நீண்டுகொண்டே இருந்தது.