பாதாமுக்கு வந்த இரண்டு ரிப்போர்ட்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியபோது முபீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாதாம் சௌக்கியமாக இருக்கிறானா என்று பார்க்கத்தான் மடியிலிருந்த அட்டைப்பெட்டியின் மூடியை லேசாகத் திறந்தாள். பாதாம் அவள் வளர்க்கும் காக்டெயில். தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் வைத்த சின்னக் கிளி. அவன் கொண்டையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். காலடியில் விரித்த காகிதத்தில் எச்சம். எச்சத்துக்குள் தினை. செரிக்காமல், முழுசு முழுசாக.

போன மாதம் பார்த்த அதே காட்சி.

அப்போதும் பாதாம் நாளெல்லாம் தின்றான். ஆனால் இளைத்துக்கொண்டே போனான். மஞ்சக்குப்பத்தில் கால்நடை டாக்டர் எழிலரசி அவன் நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார். கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. பறவைகளின் இரைப்பை நரம்பைத் தாக்கும் வைரஸ் ஒன்று இருக்கிறது, அது வந்தால் தின்றது உடம்பில் ஒட்டாது, எச்சத்தின் வழியாக மற்ற பறவைகளுக்கும் பரவும் என்றார். எச்சத்தைச் சேகரித்துத் தரச் சொன்னார். சென்னை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். கூண்டை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவினால் வைரஸ் அதில் பிழைக்காது என்றும் சொல்லியிருந்தார்.

முந்தாநாள் ரிப்போர்ட் வந்தது. வைரஸ் இல்லை. எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று டாக்டர் போனில் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. உம்மா சலீமா பீவி உடனே சிதம்பரத்துக்குப் போன் போட்டாள். அங்கே வாப்பாவின் சிநேகிதர் கொளஞ்சியப்பன் பதினாலு காக்டெயில் வளர்க்கிறார். அதில் சிட்டு என்ற பெட்டைக்கு இன்னும் ஜோடி இல்லை. பாதாமை அனுப்புகிறேன் என்று உம்மா வாக்குக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது.

இப்போது பஸ்ஸும் ஏறியாயிற்று. ஆனால் நோய் இல்லாத பறவையின் எச்சத்தில் தினை எப்படி முழுசாக வரும்?

முபீனா உம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"உம்மா, அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட குடுத்த பாட்டில்ல எச்சத்த எப்படிப் போட்டீங்க?"

"ஏன், சுத்தமாத்தான் போட்டேன். கூண்டு கழுவுன பிளீச்சிங் தண்ணி இருந்துச்சு. அதுல பாட்டில நாலு தடவ கழுவுனேன். எச்சத்தயும் லேசா ஒரு அலசு அலசித்தான் போட்டேன்."

"எச்சத்தயா அலசுனீங்க?"

"பின்ன? சென்னைக்குப் போற சாமான் புள்ள. அப்படியே அள்ளிப் போட்டா, பாக்குறவுங்க நம்ம வூட்டப் பத்தி என்னா நெனைப்பாங்க?"

வைரஸ் எந்தத் தண்ணீரில் பிழைக்காது என்று டாக்டர் சொன்னாரோ, அதே தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் பாதாமின் எச்சம் சென்னைக்குப் பயணம் போயிருக்கிறது. ஆய்வகத்தில் அவர்கள் என்னத்தைத் தேடி என்னத்தைக் கண்டுபிடிப்பார்கள்?

முபீனா அதைச் சொன்னாள். உம்மாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. சீல் குத்திய ரிப்போர்ட் பொய் சொல்லுமா என்றாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினால் கொளஞ்சியப்பன் அண்ணன் என்ன நினைப்பார் என்றாள். கடைசியில், எச்சத்தைக் கழுவியது மட்டும் வெளியே தெரிந்தால் ஊரே சிரிக்கும், வாயைத் திறக்காதே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முபீனா பெட்டியைப் பார்த்தாள். பதினாலு பறவை. ஒன்று மாற்றி ஒன்று இப்படியே இளைத்துப்போனால்? உம்மாவைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கொளஞ்சியப்பன் இருந்தார். வாயெல்லாம் பல். மாப்பிள்ளை வந்தாச்சா என்று கேட்டபடி பெட்டிக்குள் விரலை விடப் போனார்.

முபீனா பெட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க மாமா. இவனுக்கு நோய் இருக்கலாம். தொட்டுட்டு நீங்க உங்க கூண்டுக்குப் போனா எல்லாத்துக்கும் பரவிடும்."

நீட்டிய விரல் அப்படியே நின்றது. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னாங்களே?"

"டெஸ்டுக்கு அனுப்புனதுல ஒரு தப்பு நடந்துடுச்சு மாமா. அது செல்லாது."

"நல்லா இருக்கே கதை. பொண்ணு வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, மாப்பிள்ளைக்குச் சீக்குங்குறீங்க. என்னா தப்பு? யாரு பண்ணது?"

முபீனா உம்மாவின் பக்கம் பார்க்காமல் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த உம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நான்தாண்ணே. எச்சத்த பிளீச்சிங் தண்ணில கழுவிக் குடுத்துட்டேன்."

கொளஞ்சியப்பன் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு சோப்பு வாங்கினார். தொடாத கையைக் குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். ஈரக் கையை உதறிக்கொண்டே திரும்பி வந்தார்.

"பதினாலும் எம் புள்ளைங்க மாதிரி, தங்கச்சி. சொன்னீங்களே, அது போதும்."

அடுத்த பஸ்ஸிலேயே கடலூர் திரும்பினார்கள். இந்த முறை எச்சத்தை முபீனாவே எடுத்தாள். மூன்று நாள், காய்ந்த பாட்டிலில், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்.

பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. வைரஸ் இருந்தது.

தெரிந்த விஷயம்தான். இருந்தும் முபீனா ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தாள். செத்துப்போயிடுவானா என்று கேட்டாள். டாக்டர் எழிலரசி மழுப்பவில்லை. இதை அடியோடு போக்க மருந்து இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டால் பல காலம் இருக்கவும் கூடும் என்றார். இரைப்பையின் வீக்கத்துக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். தினையை நிறுத்திவிட்டு, வேகவைத்த முட்டையும் குழைந்த சோறும் மசித்துத் தரச் சொன்னார். இன்னொரு பறவை பக்கத்தில் வரவே கூடாது. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சின்னத் தராசையும் இரவல் கொடுத்தார்.

முதல் நாள் எழுபத்திரண்டு கிராம். மறுவாரம் எழுபத்தொன்று. அன்றைக்கு முபீனா சாப்பிடவே இல்லை. அதற்கடுத்த வாரம் எழுபத்து நாலு. இரண்டு மாதத்தில் எண்பதைத் தொட்டபோது உம்மா தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை நிறுத்தாள். எண்பதேதான்.

எடை ஏறியும் பாதாம் தனியாக உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைச் சகிக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முபீனா சிதம்பரத்துக்குப் போன் போட்டாள். சிட்டுவிடம் போனைக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

கொளஞ்சியப்பன் கொஞ்சம் யோசித்தார்.

"போன் வழியா ஒண்ணும் ஒட்டாதுல்ல?"

"ஒட்டாது மாமா."

ஸ்பீக்கரைப் போட்டுக் கூண்டருகே வைத்தாள். பாதாம் கொண்டையை நிமிர்த்தினான். தலையைச் சாய்த்துப் போனைப் பார்த்தான். பிறகு நீளமாக ஒரு விசில் அடித்தான்.

சிட்டுவிடமிருந்து பதில் வந்தது. அதன் பின்னாலேயே, மற்ற பதிமூன்றும் ஒன்றாகச் சேர்ந்து கூச்சல் போட்டன.