கவிழ்த்த கிளாஸ்

டணார்...!

பீங்கான் தட்டு தரையில் விழுந்து சிதறியது. பரிமாறும் பெண் அடுப்புப் பக்கம் கையை நீட்டி அலறினாள்.

"கப்பைக் காணோம்!"

பப் மொத்தமும் திரும்பியது.

கணப்பு அடுப்புக்கு மேலே, மான் தலைக்குக் கீழே, சற்று முன்பு வரை மினுங்கிக்கொண்டிருந்த வெள்ளிக் கோப்பை... இல்லை!

ஈஸ்வரமூர்த்தியின் கையிலிருந்த உருளைக்கிழங்குத் துண்டு வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது.

வருடம் 1975. மெல்போர்னுக்குக் கிழக்கே மலைமேல் ஒரு சின்ன ஊர். கறுப்பு உத்தரம், வெள்ளைச் சுவர், தலையில் இடிக்கும் கூரை... இங்கிலாந்துக் கிராமத்து பப் ஒன்றைப் பெயர்த்து வந்து வைத்ததுபோலக் கட்டியிருந்தார் முதலாளி பர்ட். எல்லாம் ஊர் ஏக்கம். அந்தக் கோப்பையும் அவர் பிறந்த ஊர் பப்பில், பலகையில் அம்பு எறியும் 'டார்ட்ஸ்' போட்டியில் ஜெயித்தது.

பொள்ளாச்சிக்கார ஈஸ்வரமூர்த்திக்கு இங்கே என்ன வேலை?

இழுத்து வந்தது கேதீஸ்வரன். யாழ்ப்பாணத்துக்காரர். தொழிற்சாலையில் பக்கத்து மேஜை. திங்கட்கிழமை குடியேற்ற அலுவலகத்தில் மூர்த்திக்கு நேர்காணல். அதற்குள் நாலு வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழகட்டும் என்பது அவர் யோசனை.

அந்த நேர்காணலில் தேறினால்தான் மனைவி விஜயாவும், மூர்த்தி இன்னும் முகம் பார்க்காத மகளும் விமானம் ஏற முடியும்.

பர்ட் கதவைப் பூட்டினார். போலீஸ் வரும்வரை ஒரு ஈ கூட வெளியே போகாது என்றார்.

அப்போது டுவீட் கோட்டு போட்ட ஒருவன் எழுந்தான். பெயர் பெர்சி. நேற்றுத்தான் லண்டனிலிருந்து வந்து இறங்கியதாக மத்தியானத்திலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன். 'நம்ம ஊர்ப் பையன்' என்று உருகி, பர்ட் அவனுக்கு ஓசியில் பீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்த இந்தியன்தான் அடுப்புப் பக்கம் நின்னுட்டிருந்தான். நான் பாத்தேன்."

நின்றது உண்மை. குளிர்!

மூர்த்தியின் பைகளைத் துழாவினார்கள். ஒரு கைக்குட்டை. ஒரு டிராம் டிக்கெட். ஒரு சின்னப் பொட்டலம்... உள்ளே சாம்பல் நிறப் பொடி!

பர்ட் முகர்ந்து பார்த்தார். நான்கு முறை தும்மினார்.

பழனி விபூதி என்று மூர்த்தி எவ்வளவோ விளக்கினான். சந்தேகம் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

"ஏனுங்க கேதீஸ்... போலீஸ்ல பேரு ஏறுச்சுன்னா திங்கக்கிழமை என்னாகும்?"

"எனக்கு ஒண்டும் ஆகாது ஐசே. எனக்குப் போன வருஷமே சிட்டிசன்ஷிப் கிடைச்சிட்டுது. உம்மைத்தான் அடுத்த பிளேன்லை ஏத்துவாங்கள்."

மூர்த்தி மது மேடையில் சாய்ந்தான். மிச்சமிருந்த லெமனேடை ஒரே மூச்சில் குடித்தான்.

பதற்றத்திலும் பழக்கம் விடுமா? எச்சில் கிளாஸை அப்படியேவா வைப்பது? ஜாடித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி அலசினான். சாம்பல் கிண்ணத்தில் கொட்டினான். வீட்டில் செய்வதுபோலவே மது மேடைமேல் கிளாஸைக் கவிழ்த்து வைத்தான்.

டக்!

பேச்சு நின்றது. அம்பு எறியப் போனவன் எறியவில்லை.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ராட்சதன் ஒருவன் சட்டைக் கையை மடித்தான். மூலையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த வயதான சீமாட்டி, பல்செட்டைக் கழற்றிப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

கேதீஸ்வரன் மூர்த்தியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"என்ன காணும் செய்தனீர்? இஞ்ச கிளாஸைக் கவிழ்த்தா, இந்த பப்பிலை உள்ள எல்லாரையும் அடிப்பன், ஆர் வாறியள் எண்டு கேக்கிற மாதிரி!"

"அய்யய்யோ... எந்த ஊரு வழக்கமுங்க இது?"

"ஆஸ்திரேலியா வழக்கம். இங்கிலாந்திலை இப்பிடி இல்லை. பர்ட்டுக்கே இஞ்ச வந்து ரெண்டு வருஷத்துக்குப் பிறகுதான் தெரியுமாம். மூக்கு உடைஞ்ச பிறகு."

ராட்சதன் ஓரடி முன்னே வைத்தான்.

அவனுக்கும் முன்னால் அசைந்தது பெர்சி! பியானோவுக்குப் பின்னால் பதுங்கினான்.

"என்னைச் சேக்காதீங்கப்பா. அந்தாளுகூட எனக்குச் சண்டை வேண்டாம். முதல்ல அந்த கிளாஸை நிமித்தச் சொல்லுங்க."

மூர்த்தியின் மூளைக்குள் பளிச்சென்று ஒரு மின்னல்!

இரண்டு கைகளையும் கூப்பினான். ராட்சதன் குழம்பி நின்றான். அந்த இடைவெளியில் மூர்த்தி, தனக்குத் தெரிந்த அத்தனை ஆங்கிலத்தையும் திரட்டி பெர்சியிடம் கேட்டான்.

"நான் வந்து பதினோரு மாசம் ஆச்சு. கிளாஸைக் கவுத்தா சண்டைன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். நேத்து லண்டன்ல இருந்து வந்த உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பர்ட் மெல்லத் திரும்பினார். அவர் முகம் சிவந்தது.

யாரையும் அடிக்கக் கிடைக்காத ஏமாற்றத்தில் இருந்த ராட்சதன், பெர்சியைக் காலரோடு தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினான்.

டணார்...!

இந்த முறை விழுந்தது தட்டு இல்லை. டுவீட் கோட்டுக்குள்ளிருந்து வெள்ளிக் கோப்பை!

கூடவே லண்டன் உச்சரிப்பும் கழன்று விழுந்தது. அவன் கெஞ்சிய கெஞ்சலில், ஆள் மெல்போர்னிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று எல்லோருக்கும் புரிந்துபோனது.

பர்ட் மூர்த்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பெரிய தட்டு நிறைய ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வினிகரில் ஊறிய வெங்காயமும் வந்தன. பணம் வேண்டாமாம். சீமாட்டி மறுபடி பல்லை மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

கதவு தட்டப்பட்டது.

உள்ளே வந்த போலீஸ் சார்ஜென்ட், கதவு அகலத்துக்கு இருந்தார். கோப்பையைப் பார்த்தார். பெர்சியைப் பார்த்தார். தலையாட்டினார்.

பிறகு அவர் கண்கள் மது மேடைமேல் நின்றன.

கலாட்டாவில் அந்த கிளாஸை யாருமே நிமிர்த்தவில்லை!

சார்ஜென்ட் நிதானமாகத் தொப்பியைக் கழற்றினார். சட்டைக் கைப் பொத்தானை அவிழ்த்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"திருடன் எங்கேயும் ஓடிடப் போறதில்ல. இந்த கிளாஸ் யாருது?"

கூட்டம் மொத்தமும் இரண்டடி பின்னே நகர்ந்தது.

ஈஸ்வரமூர்த்தி விஜயாவை நினைத்தான். மகளை நினைத்தான். திங்கட்கிழமையை நினைத்தான். பிறகு கேதீஸ்வரனின் தோளில் மிகுந்த மரியாதையோடு கை வைத்து, முன்னால் தள்ளினான்.

"இவருதுங்க சார். இவருக்குத்தான் ஏற்கெனவே சிட்டிசன்ஷிப் கிடைச்சிருக்கு."