பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆள்

சாப்பிடப் போகுமுன் சின்னவள் பெஞ்சுகளையெல்லாம் அறையின் நடுவில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தியிருந்தாள். திரும்பி வந்தபோது தார்ப்பாய் மடித்து மூலையில் வைக்கப்பட்டிருந்தது. பெஞ்சுகள் வரிசையாகக் கரும்பலகையைப் பார்த்து நின்றன.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"யாரையாவது இங்க அனுப்பினியாக்கா? பெஞ்செல்லாம் இடம் மாறியிருக்கு."

"காத்தா இருக்கும்டி."

"காத்து தார்ப்பாயை மடிச்சும் வைக்குமா?"

அக்கா சிரிக்கவில்லை. "சுவரை முடிச்சுடு. நான் கிளம்பிட்டேன்."

இடிக்கவிருந்த இந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற ஊரெல்லாம் அலைந்தவள் அக்காதான். ஏதோ வீட்டுச் சண்டையில் வருடக்கணக்காகப் பேசாமலிருந்தவள், போன வாரம் தானாகவே கூப்பிட்டு, "சுண்ணாம்புப் பூச்சுக்கு உன் கைதான் வேணும்" என்றாள். சின்னவள் மறுபேச்சில்லாமல் வந்துவிட்டாள்.

பூச்சுக் கரணையை எடுத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், சிலேட்டில் குச்சி கீறுவதுபோல், நிற்பதும் தொடங்குவதுமாக, ஒருமுறை சுவருக்குள்ளிருந்தும் மறுமுறை அவள் தோளுக்குப் பின்னாலிருந்தும் கேட்டது. சுண்ணாம்பு நெடியை மீறி நனைந்த தலைமுடியின் வாடை வந்தது. சுவரில் கை வைத்தாள். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றிபோலச் சுட்டது.

வாசலில் குடை தெரிந்தது. அக்கா! போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லவேளை வந்தே. உள்ள வாக்கா."

அக்கா படி ஏறவில்லை. கதவை இழுத்துச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

"அக்கா? என்ன விளையாட்டு இது?"

"இடிச்சா அதுங்க ஊருக்குள்ள வந்துடும்டி." கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் நடுங்கியது. "கட்டடம் மட்டும் நின்னா போதாதாம். சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் வேணுமாம். என் பொண்ணைத்தான் கேட்டுச்சுங்க."

"அதனால?"

"நான் உன்னைச் சொன்னேன்."

சின்னவள் இரண்டு கையாலும் கதவை இடித்தாள். "அம்மா போனப்புறம் உன் மடியிலதானேக்கா வளர்ந்தேன்!"

ஜன்னல் கம்பி வழியே பார்த்தாள். குடை போய்க்கொண்டிருந்தது. ஓட்டமில்லை. நிதானமான நடை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கீறல் சத்தம் நின்றது.

திரும்பினாள். காலையில் பூசிய சுவர் புடைத்துக்கொண்டிருந்தது. ஒரு சின்ன மூக்கு. நெற்றி. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக. சுண்ணாம்புக்கடியில் வாய்கள் திறந்தன.

நடுவில் மட்டும் புடைக்கவில்லை. அங்கே ஈரப்பூச்சு மெல்ல உள்வாங்கியது. தலை. தோள். இரண்டு கைகள்.

சரியாக அவள் உயரத்துக்கு.