மூங்கணாற்றுக் கடுவன்

"இன்னைக்கு விட்டா இனி நடக்காது, பேச்சி! மழை இறங்கிட்டா ஆத்தைத் தாண்டவே முடியாது. அதுக்குள்ள எஸ்டேட்டுக்காரங்க வாழைப்பழத்துல விஷத்தை வெச்சிருவாங்க!"

சொல்லிக்கொண்டே டாக்டர் ஹெப்சிபா ஜீப்பிலிருந்து குதித்தார். அவர் வனவிலங்கு மருத்துவர். தோளில் மயக்க ஊசி போடும் துப்பாக்கி தொங்கியது. பின்னாலேயே ஐஸ் பெட்டியோடு இறங்கினாள் பேச்சித்தாய். தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஆய்வக உதவியாளர் அவள். பதினோரு வயதில் அவளுக்கே அந்த நோய் வந்து, மருந்தில் முழுசாகக் குணமானது. இடது கையில் மட்டும் இரண்டு விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன. அந்த உள்ளங்கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை. மூங்கணாற்றுக் காட்டில் புலிகளைக் கணக்கெடுக்க மரத்தில் கட்டிய கேமராவில் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு விழுந்திருந்தது. புருவ முடி உதிர்ந்து, காது மடலெல்லாம் தடித்து, முகம் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தது. அந்தப் படம் கைபேசிக்குக் கைபேசி தாவித் தேயிலைத் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. "குரங்கு நோயைக் கொண்டு வருது, ஒண்ணு விடாம ஒழிச்சுக் கட்டணும்" என்று தோட்டத்தில் பேச்சு கிளம்பியிருந்தது.

உண்மையிலேயே அது தொழுநோய்தானா? அப்படியென்றால் எங்கிருந்து வந்தது? கடுவனின் காதிலிருந்து மிளகளவு தோல் கிடைத்தால் போதும், ஆய்வகம் பதில் சொல்லிவிடும்.

வழிகாட்ட வந்த வனக் காவலர் சுடலையாண்டி தோளில் கயிற்றுச் சுருளோடு மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நாற்பது வயது இருக்கும். அவர் பார்வை அடிக்கடி பேச்சித்தாயின் இடது கையில் போய் விழுந்து, சட்டென்று விலகியது. அவளுக்கு அது பழகிய பார்வை. கண்டுகொள்ளவில்லை.

"குரங்குக்குக்கூடவா இந்த நோய் வரும்?" என்று கேட்டார் அவர்.

"அமெரிக்காவுல ஆர்மடில்லோன்னு ஓடு மூடின பிராணிக்கு வந்திருக்கு. சீமையில செவப்பு அணிலுக்கு வந்திருக்கு. ஆப்பிரிக்காவுல சிம்பன்ஸிக்கு வந்திருக்கு" என்றாள் பேச்சித்தாய். "நம்ம காட்டுல இருக்கான்னுதான் பாக்கப் போறோம்."

சுடலையாண்டி குரலைத் தாழ்த்தினார். "அந்தப் படம் எடுத்த எடம் எது தெரியுமாம்மா? பழைய குஷ்டரோகி ஆஸ்பத்திரி. வெள்ளக்காரன் கட்டுனது. மூடி எத்தனையோ வருசமாச்சு. மாடு மேய்க்கவனும் அங்கிட்டுப் போவ மாட்டான். உள்ளாற இப்பவும் இருமல் சத்தம் கேக்கும்னு சொல்லுதாவ."

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

கம்பிப் பாலத்தைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. நடுப்பகல்தான். ஆனால் பத்தடிக்கு அப்பால் இருந்த மரம் வெறும் நிழலாகத் தெரிந்தது. இவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரேயடியாக ஓய்ந்தன. பனிக்குள்ளிருந்து ஒரு சுவர் எழுந்து வந்தது. கூரை இடிந்து, ஆலம் வேர்கள் சன்னல் வழியாக உள்ளே நுழைந்திருந்தன.

சுவரின் பாசியில் கை பதிந்த தடங்கள்! இடுப்பு உயரத்தில் வரிசையாகப் போயின. சின்னச் சின்னக் கைகள். ஒன்றிரண்டில் விரல் இருக்க வேண்டிய இடத்தில் மழுங்கிய குழிகள் மட்டுமே இருந்தன.

அப்போது உள்ளே யாரோ இருமினார்கள்.

சுடலையாண்டி அப்படியே நின்றுவிட்டார். "நான் இதுக்கு மேல வரமாட்டேன். வாசல்ல நிக்கேன். நீங்க போங்க."

"சரி, நில்லுங்க. கயிறு ஒங்ககிட்டேயே இருக்கட்டும்" என்று கிசுகிசுத்துவிட்டு ஹெப்சிபா நுழைந்தார். பேச்சித்தாய் முகக்கவசத்தை இழுத்து மாட்டிக்கொண்டு பின்தொடர்ந்தாள். 

நீளமான வார்டு. இரண்டு பக்கமும் துருப்பிடித்த இரும்புக் கட்டில்கள் வரிசை மாறாமல் கிடந்தன. அடியிலிருந்து புல் முளைத்துக் கட்டில் கம்பிகளுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

ஒன்றுகூடக் கத்தவில்லை. பல்லைக் காட்டவில்லை, தாவி ஓடவில்லை. எல்லாம் வாசலைப் பார்த்தபடி, டாக்டர் ரவுண்ட்ஸ் வரக் காத்திருக்கும் நோயாளிகளைப் போல அமைதியாக உட்கார்ந்திருந்தன.  சிறு வயதில் இதே போன்ற ஒரு வார்டில், இதே போன்ற ஒரு கட்டிலில், வாசலையே பார்த்துக்கொண்டு அவளும் உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசிக் கட்டிலில் இருந்தது அந்தக் கடுவன். அதுதான் இருமியது. தடித்த முகத்தை மெல்லத் திருப்பி அவளைப் பார்த்தது. அவளுடைய வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெரியவரின் முகமும் அப்படித்தான் இருந்தது. பயந்துபோய் ஓடிவிடலாமா என்றிருந்த நினைப்பு, அந்தப் பார்வையில் எங்கோ போய்விட்டது.

"ப்ளப்!" மயக்க ஊசி தொடையில் தைத்தது.

கடுவன் துள்ளவில்லை. கட்டிலை விட்டு இறங்கி, தளர்ந்த நடையில் பின்சுவர் ஓட்டை வழியாக வெளியேறியது. இரண்டு பேரும் ஓடினார்கள். பின்கட்டில் தரையோடு தரையாக ஒரு பள்ளம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மலையோடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் சேர்த்த பழைய நிலத்தடித் தொட்டி. கடுவன் அதன் விளிம்பில் தள்ளாடி உள்ளே இறங்கி மறைந்தது.

"ஐயோ! மயக்கத்துல தண்ணிக்குள்ள விழுந்தா செத்துரும்!" என்று பதறினார் ஹெப்சிபா. அடுத்த நொடி பேச்சித்தாய் இரும்பு ஏணியில் கால் வைத்துவிட்டாள்.

கீழே வவ்வால் வாடையும் இருட்டுமாக இருந்தது. டார்ச் வெளிச்சம் கறுத்த தண்ணீரில் நெளிந்தது. ஓரத்துத் திட்டில் குரங்கு மண்டையோடுகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. சாகப் போகிற குரங்குகள் எல்லாம் இங்கேதான் வந்து படுத்திருக்க வேண்டும். கடுவனும் அங்கேதான் சாய்ந்திருந்தது. அதன் முகம் தண்ணீரைத் தொடப் போகும் நேரத்தில் பேச்சித்தாய் அதை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். சின்னப் பிள்ளையின் கனம்தான் இருந்தது.

ஹெப்சிபாவும் இறங்கினார். மடாரென்று ஏணியின் மேல்பாதி பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது!

"ஏறுறதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல வேலை முடியட்டும்" என்றார் அவர்.  காது மடலில் மரத்துப்போகும் ஊசி போட்டு, தோல் துணுக்கை நறுக்கி எடுத்துக் குப்பியில் இட்டார். பேச்சித்தாய் அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

அப்போதுதான் காலில் ஜில்லென்றது. திட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது! மலை உச்சியில் மழை கொட்டத் தொடங்கியிருக்கிறது. வாய்க்கால் வழியாகச் செம்மண் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது.

"சுடலையாண்டி அண்ணே! கயிறு! கயிறு போடுங்க!"

எதிரொலி மட்டும் திரும்பி வந்தது. மேலே பள்ளத்தின் விளிம்பில் ஒரு குரங்கு முகம் எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் வட்டம் முழுக்க முகங்கள்! பனியின் வெளிச்சத்தில் கண்கள் மட்டும் மின்ன, சத்தமே இல்லாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. பேச்சித்தாய் கடுவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

அந்த முகங்களுக்கு நடுவே, தலைப்பாகை கட்டிய ஒரு முகம் தோன்றியது.

"அம்மா! இருக்கீயளா?" சுடலையாண்டியின் குரல் உடைந்திருந்தது. "குரங்கெல்லாம் ஒரே பக்கமா ஓடுச்சு, ஏதோ ஆயிருச்சின்னு வந்தேன்!"

கயிறு இறங்கியது. முதலில் சாக்குத் துணியில் கட்டிய கடுவன் மேலே போனது. அடுத்து ஹெப்சிபா. கடைசியாக, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பேச்சித்தாய். விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது, கயிறு கல்லில் தேய்ந்து நார் நாராகப் பிரிந்தது. அவள் வலது கையில் ஐஸ் பெட்டி. நீட்ட இருந்தது அந்த இடது கை மட்டும்தான்.

சுடலையாண்டி கயிற்றை ஹெப்சிபாவிடம் விட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். பிடிக்கப் போனவர் ஒரு கணம் தயங்கினார்.

"அண்ணே, அந்தக் கைக்குப் பிடி தெரியாது! நான் பிடிக்கேனா விடுதேனான்னு எனக்கே தெரியாது. நீங்கதான் கெட்டியாப் பிடிக்கணும்!"

அவர் பிடித்தார். மணிக்கட்டு நோகுமளவுக்குப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டார். அந்த இழுப்பில் கயிறு அறுந்தது.

மூன்று பேரும் புல்லில் கிடந்து மூச்சு வாங்கினார்கள். ஹெப்சிபா கடுவனுக்கு மயக்கம் தெளியும் ஊசியைப் போட்டுவிட்டு அதன் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சுடலையாண்டி கைகளைப் பரபரவென்று சொறியத் தொடங்கினார். அவர் படுத்த இடமெல்லாம் செந்தட்டிச் செடி! இரண்டு முன்னங்கைகளும் தடித்துச் சிவந்துவிட்டன. பேச்சித்தாயின் கண் அங்கே நிலைகுத்தி நின்றது. வலது முழங்கைக்குக் கீழே வெற்றிலையளவுக்கு ஓர் இடம். சுற்றிலும் நெருப்பாய்ச் சிவந்திருக்க, அந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. அதை அவர் சொறியவும் இல்லை.

"அண்ணே, இங்க அரிக்கலையா?"

அவர் சட்டென்று கையை மறைக்கப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "போன பங்குனியில பாத்தேன். பீடி பட்டும் சுடல. யாருகிட்டயும் சொல்லல. பொண்டாட்டிகிட்டகூட... ஒங்க கையப் பாக்கும்போதெல்லாம் எனக்குப் பயமா இருக்கும். நமக்கும் இப்படித்தான்னு."

 வழியெல்லாம் அந்தப் பார்வையை அவள் அருவருப்பு என்றல்லவா நினைத்திருந்தாள்!

"என் கை இப்படி ஆனது நோயால மட்டும் இல்லண்ணே. எங்க வீட்டுல மறைச்சு வெச்சதால ஆனது. ஒங்களுக்கு இன்னும் ஒரு விரலும் மடங்கல. சீக்கிரமே பரிசோதனை செஞ்சு மாத்திரை தொடங்கினா மடங்கவே மடங்காது."

பக்கத்தில் சாக்குத் துணி அசைந்தது. கடுவன் எழுந்து உட்கார்ந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரங்கு இறங்கி வந்து, அதன் தடித்த முகத்தை இரு கையாலும் பிடித்துப் பேன் பார்ப்பது போல உற்றுப் பார்த்தது. பிறகு எல்லாக் குரங்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்குள் போய் மறைந்தன. ஒரு கிளைகூட முறியும் சத்தம் கேட்கவில்லை.

ஆறு கம்பிப் பாலத்தை நக்கத் தொடங்கியிருந்தது. மூவரும் அதைத் தாண்டி ஓடி ஜீப்பில் ஏறினார்கள். ஐஸ் பெட்டி பத்திரமாக இருந்தது!

ஆய்வகத்தின் முடிவு வந்த அன்று தோட்டத்துச் சமூகக் கூடம் நிரம்பி வழிந்தது. பேச்சித்தாய்தான் எழுந்து பேசினாள்.

"அது தொழுநோய்தான். அந்த ஆஸ்பத்திரியில இருந்தவங்ககிட்ட எடுத்த தோல் துணுக்கு எங்க நிலையத்துல இன்னும் இருக்கு. ரெண்டையும் வெச்சுப் பார்த்தோம். ஒரே வகைக் கிருமி. மனுசங்ககிட்டேருந்து குரங்குக்குப் போயிருக்கு. எப்படிப் போச்சுன்னு இன்னும் தெரியல. நாம கொடுத்ததுக்கு அதுகளைக் கொல்லப் போறீங்களா? அங்க போகாதீங்க, தீனி போடாதீங்க, கிட்ட விடாதீங்க. அது போதும். ஒங்க உடம்புல உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தா மட்டும் எங்ககிட்ட வந்து காட்டுங்க."

 பின்வரிசையிலிருந்து காக்கிச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு சுடலையாண்டி நடந்து வந்தார். "எனக்கு இருக்கு. எழுதிக்கோங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவருக்குப் பின்னால் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். அப்புறம் இன்னும் சிலர்.

விஷம் கலக்க வாங்கி வைத்திருந்த வாழைத்தார்களைத் தோட்டத்து மாடுகள் தின்று தீர்த்தன.

தோட்டத்தில் நிலையம் நடத்திய மருத்துவ முகாமில் முதல் மாத்திரையைச் சுடலையாண்டி தண்ணீரில்லாமலே விழுங்கிவிட்டார்.

"ஒண்ணுக்குச் செவப்பாப் போகும், பயந்துராதீங்க. மருந்தோட நிறம் அது" என்றாள் பேச்சித்தாய்.

"அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே போய்ட்டு வந்துட்டேன்" என்று சிரித்தார் அவர். "இதுக்காம்மா பயப்படப் போறேன்?"