வெள்ளைக் கோழியின் பின்கழுத்து

முதலில் அவள் கண்ணை உறுத்தியது கோழியின் வழுக்கை அல்ல, தரைதான். வெள்ளைக் கோழியின் பின்கழுத்தில் பாதி உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை, தோல் வெந்த மாதிரி தடித்துக் கிடந்தது. ஆனால் கொட்டகையில் பரப்பியிருந்த மரத்தூளில், தண்ணீர்ச் சட்டியின் ஓரத்தில், வலைக் கம்பியின் கண்களில், எங்கே தேடினாலும் ஒரே ஓர் இறகுகூட அகப்படவில்லை. பிடுங்கியது எல்லாம் எங்கே போய்த் தொலைந்தது? குனிந்து மரத்தூளைக் கிளறினாள். எச்சத்தின் நெடி மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. மற்ற கோழிகள் மேய்வதை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து, ஆளுக்கொரு ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

தீவனக் கடைக்காரர் கேட்டதும் சிரித்தார்.

"தின்னுடும்மா."

"இறகையா?"

"பின்ன என்ன, சேத்து வச்சு தலகாணியா தைக்கப் போகுது? எடம் பத்தலன்னா கொத்தும். வேலவெட்டி இல்லாம நின்னாலும் கொத்தும். ஒண்ணு ஆரம்பிச்சுட்டா போதும், மத்தது எல்லாம் கூட சேந்துக்கும். ரத்தத்த மட்டும் பாத்துச்சுன்னு வையி, கத முடிஞ்சுது."

அடிபட்டதைத் தனியே பிரித்து வை, கீரைக்கட்டைக் கட்டித் தொங்கவிடு, காயத்தில் நீல மருந்து பூசு என்றார். கொட்டகையில் சிவப்பு பல்பு போடச் சொன்னார். அந்த வெளிச்சத்தில் ரத்தம் எது, இறகு எது என்று கோழிக்குத் தெரியாதாம்.

"சிவப்பு மருந்த மட்டும் தொட்டுடாத தாயி. அது விருந்து வச்சுக் கூப்புடுற மாதிரி."

வீட்டில் இரண்டே அறை, நாலு பேர். ஆலை மூடியதிலிருந்து புருஷன் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. மாமியார் வாசல் பக்கம். வாழப் போன இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்ட நாத்தனார் அடுப்படி பக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருடைய முழங்காலாவது இடிக்கும்.

"கோழிக்கு வைத்தியம் பாக்குறா மகராசி," என்றாள் நாத்தனார். "வீட்டு மனுசங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மட்டும் கை வராது."

"விடுக்கா. அவளுக்கு அதுங்க பேசுற பாஷதான் புரியும்," என்றான் புருஷன்.

மாமியார் சிரித்தாள். அப்புறம் புருஷன். அப்புறம் நாத்தனார். எப்போதும் அப்படித்தான்; ஒருவர் தொடங்கினால் போதும்.

இந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது அந்தக் கோழிகள் மட்டும்தான். வெள்ளையைக் கூடை போட்டுக் கவிழ்த்தாள், மருந்து பூசினாள், கீரை கட்டினாள், பல்பை மாட்டினாள். சுவிட்ச் அடுப்படிச் சுவரில் இருந்தது. பொழுது சாய்ந்ததும் கொட்டகை முழுக்கச் செம்மண் கரைத்து ஊற்றின மாதிரி ஆனது. சுவர், வலை, கோழி, அவள் கை, எல்லாம் ஒரே நிறம். கொக்கரிப்பு அடங்கி, தொண்டைக்குள்ளேயே ஒரு குறுகுறுப்பு மட்டும் மிச்சமிருந்தது. புண் ஆறிய மாதிரி தெரிந்ததும் வெள்ளையை மறுபடி கூட்டத்தோடு விட்டாள். ஒன்றும் கொத்தவில்லை. அவளுக்கும் அங்கே உட்கார்ந்திருக்கப் பிடித்துப்போனது. அங்கே யாரும் அவளைப் பார்ப்பதில்லை.

ஒருநாள் காலை தலை வாரும்போது விரல் வழுக்கியது.

பின்கழுத்துக்குச் சற்று மேலே கட்டைவிரல் அகலத்துக்கு முடி இல்லை. தொட்டால் எரிந்தது. கவலையில் கொட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தலையணையைப் புரட்டிப் பார்த்தாள். பாயை உதறினாள். போர்வையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே மூன்று பேர் வரிசையாகப் படுக்கிற அந்தத் தரையைக் கையால் தடவித் தடவித் தேடினாள்.

ஒரு முடிகூட இல்லை.

அடுப்படியில் நாத்தனார் செருமினாள். மறுபடியும் செருமினாள். வாய்க்குள் இரண்டு விரலை விட்டு எதையோ பிடித்து இழுத்தாள். நீளமாக, கறுப்பாக, வந்துகொண்டே இருந்தது.

"தண்ணி குடிச்சு முழுங்குடி," என்றாள் மாமியார், திரும்பிப் பார்க்காமலே.

முழுங்கினாள்.

அன்றைக்கு முழுக்க வீட்டில் யாரும் அவளை ஏசவில்லை. சாயங்காலம் நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படி ஒட்டி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பின்னால என்னடி இது, சொட்டையா இருக்கு? குனி. மருந்து போட்டு விடுறேன்."

"வேணாம் அண்ணி."

"அட குனிடி. நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

குரலில் அவ்வளவு இதம். காய்ந்து கிடந்த மண்ணுக்குத் தூறலே போதும், அவள் குனிந்துவிட்டாள். பஞ்சு ஜில்லென்று பட்டது. நாத்தனாரின் மூச்சு கழுத்தில் சூடாக விழுந்தது. மாமியார் எழுந்து வந்து பார்த்தாள். கட்டில் முனகியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு புருஷன் கட்டிலை விட்டு இறங்கி வந்து பார்த்தான். யாரும் பேசவில்லை. தொண்டைக்குள் மட்டும் ஏதோ குறுகுறுத்தது. யாருடைய தொண்டை என்று தெரியவில்லை.

கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள்.

விரல் சிவப்பாக வந்தது.

எழுந்து ஓடினாள். பின்கதவு, கொல்லை, கொட்டகை. உள்ளே நுழைந்து வலைக்கதவை இழுத்துச் சாத்தினாள். சிவப்பு வெளிச்சத்தில் விரலைப் பார்த்தாள். மருந்து தெரியவில்லை. நல்லது. இங்கே தெரியாது. இங்கே எதற்கும் தெரியாது. கோழிகளுக்கு முதுகைக் கொடுத்து மரத்தூளில் குந்தினாள். வெள்ளை வந்து அவள் தோளில் ஏறி உட்கார்ந்தது. வளர்த்த பாசம். அதன் சூடு கன்னத்தில் பட்டதும் அவளுக்கு அழுகை வந்தது.

"யாருக்காக அங்க வெட்டியா எரியுது?" அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல்.

"அத்தை, வேணாம்! அணைக்காதீங்க அத்தை!"

டக்.

இருட்டு.

பிறகு கொல்லை டியூப்லைட் துடித்தது. ஒரு தரம். இன்னொரு தரம். பிடித்துக்கொண்டது. பால் மாதிரி வெள்ளை வெளிச்சம் வலை வழியாகக் கொட்டியது. மரத்தூளின் ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாகத் தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் கிளறல் நின்றது.

தோளில் இருந்த வெள்ளை கழுத்தை நீட்டியது. அலகு தலைமுடியை மெல்ல விலக்கியது. இடத்தைத் தேடியது. கண்டுபிடித்தது.

அவள் கத்த வாய் திறந்தாள். கொட்டகைக் கதவு தாழ்வானது. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து உள்ளே வந்தார்கள். வந்து நின்றார்கள். அவசரம் இல்லை.

மூவரும் தலையைச் சாய்த்து, ஆளுக்கொரு கண்ணால், அவளைப் பார்த்தார்கள்.